அப்பாவின் மாருதி 800-இல் மீண்டும் ரேடியோ

அப்பாவின் மாருதி 800 2004-இல் வாங்கிய வண்டி. 2019-இல் 15 வருடம் முடிந்தது. எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்து, இன்னும் 5 வருடம் ஓட்டலாம் என்று ஆன அன்று சாயங்காலம், அப்பா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பாப்பா, அந்த ரேடியோவை மட்டும் எப்படியாவது பாட வச்சுக் குடுத்துடு."

எங்கள் ஊர் திண்டுக்கல். அப்பாவுக்கு வண்டி ஓட்டும்போது மூன்று நிலையங்கள் வேண்டும். மீடியம் வேவில் திருச்சி 936, மதுரை 1269, பண்பலையில் கோடை 100.5. வண்டியில் ஏற்கெனவே மாட்டியிருந்த செட்டில் மீடியம் வேவே கிடையாது. யு.எஸ்.பி., புளூடூத், எஃப்.எம். மட்டும்தான். கோடை பண்பலை எங்கள் ஊரில் மூலை முடுக்கெல்லாம் கேட்கும், அதுவும் அந்தச் செட்டில் கரகரவென்றுதான் வந்தது. இது போக, வண்டியை மூன்று நாள் எடுக்காமல் விட்டால் நான்காம் நாள் ஸ்டார்ட் ஆகாது. பேட்டரி மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பேட்டரிக்காரர் ஆல்டர்னேட்டர் என்றார், மெக்கானிக் பேட்டரி என்றார்.

அத்தை மகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது, அங்கே பழைய காரிலிருந்து கழற்றிய நல்ல கம்பெனி செட் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். சிங்கிள் டின் அளவு, அதாவது சுமார் 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். மீடியம் வேவ் உண்டு. அதை மாட்டுவது என்று முடிவு செய்தேன். ஆனால் பழையதைக் கழற்றுவதற்கு முன்னால் பேட்டரி ஏன் இறங்குகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கழற்றிவிட்டால் அந்தத் தடயம் போய்விடும்.

பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, ஒரு முனையை பேட்டரி தலையிலும் மறு முனையைக் கேபிளிலும் பிடித்தேன். சாவி போடவில்லை. கதவெல்லாம் சாத்தி உள்விளக்கு அணைந்திருந்தது. மீட்டர் காட்டியது 0.27 ஆம்பியர். நிறுத்தி வைத்த வண்டி 0.05-க்குள்தான் இழுக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஆறரை ஆம்பியர்-மணி, மூன்று நாளில் ஏறக்குறைய இருபது. இந்த வண்டியின் பேட்டரியே 35 ஆம்பியர்-மணிதான். ஆக, ஆல்டர்னேட்டரிலும் குறை இல்லை, பேட்டரியிலும் குறை இல்லை. (மீட்டர் இப்படித் தொடரில் இருக்கும்போது தவறிப்போய் சாவியைத் திருகி ஸ்டார்ட்டரைச் சுற்றிவிடாதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் அந்த நொடியே போய்விடும்.)

அடுத்து ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். எதைப் பிடுங்கினாலும் 0.27 அசையவில்லை. இங்கேதான் எனக்குப் பயம் வந்தது. கசிவு ஃபியூஸ் பெட்டி வழியாகவே போகவில்லை என்றால், எங்கேயோ ஒரு வயர் பேட்டரியிலிருந்து நேராக வருகிறது என்று அர்த்தம். செட்டை முன்னால் இழுத்து அதன் கப்ளரை, அதாவது வயர்களைச் சேர்க்கும் பிளக்கைக் கழற்றினேன். மீட்டர் 0.01-க்கு இறங்கியது.

டேஷ்போர்டுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். வண்டியோடு வந்த ரேடியோ கப்ளரைக் காணவில்லை, வெட்டி எறிந்திருந்தார்கள். செட்டின் மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் சேர்த்து முறுக்கி, அதை ஒரு நூல் மாதிரியான மெல்லிய வயரில் கட்டி, அந்த வயரை இக்னிஷன் சுவிட்சுக்குப் போகும் தடித்த பாசிட்டிவில் தோலைச் சுரண்டிச் சுற்றியிருந்தார்கள். மேலே கறுப்பு டேப். வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்து, டேப் தானாகவே பாதி பிரிந்து தொங்கியது. அதிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, டேஷ்போர்டைத் தாங்கும் இரும்புத் தகட்டின் கூரான விளிம்பு.

இதை விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே மாதிரி இணைப்பை எத்தனையோ வண்டிகளில் பார்த்திருக்கிறேன். செட்டில் மஞ்சள் வயர் எப்போதும் மின்சாரம் வேண்டுவது, நினைவகத்துக்கும் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வர வேண்டியது. "சாவி போட்டாச்சு, விழித்துக்கொள்" என்று செட்டுக்குச் சொல்வது அதுதான். இரண்டையும் சேர்த்துவிட்டால் செட் தூங்கவே தூங்காது. முன்பக்கப் பட்டனை அழுத்தித் திரையை அணைத்தாலும் உள்ளே பாதி விழித்துக்கொண்டே இருக்கும்.

பேட்டரி இறங்குவதைவிடப் பெரிய ஆபத்து ஃபியூஸ் இல்லாதது. செட்டின் முதுகில் 10 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறதே என்று கேட்பார்கள். அது வயரின் கடைசி முனையில் இருக்கிறது. நடு வயர் அந்த இரும்பு விளிம்பில் உரசித் தோல் கிழிந்தால், மின்சாரம் செட் வரைக்கும் போகாமலே வண்டியின் இரும்பு பாடியில் இறங்கும். பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும், அந்த மெல்லிய வயர் அடுப்புக் கம்பி மாதிரி சிவக்கும், சுற்றிலும் பிளாஸ்டிக். ஃபியூஸ் என்பது செட்டைவிட முதலில் வயரைக் காப்பதற்கு. அது மின்சாரம் புறப்படும் பக்கம் இருக்க வேண்டும். என் அப்பாவும் அம்மாவும் பல வருடம் இந்த வண்டியில்தான் பழனிக்குப் போய் வந்தார்கள். அதை நினைத்தபோது கொஞ்ச நேரம் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தேன்.

சரி, வேலை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தச் சுரண்டிய இடத்தைச் சுத்தம் செய்து ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் குழாய்) போட்டு மூடினேன். அப்புறம், வெட்டப்பட்ட பழைய ரேடியோ வயர்கள் எங்கே போயின என்று தேடினேன். ஏசி குழாயின் பின்னால் ஒரு கொத்தாகச் செருகி வைத்திருந்தார்கள். வண்டி வயர்களில் நிறத்தை நம்பக் கூடாது, மீட்டரைத்தான் நம்ப வேண்டும். நெகட்டிவை மறுபடி மாட்டி, ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பார்த்தேன். சாவி இல்லாமலே 12.5 வோல்ட் காட்டியது நிரந்தர மின்சாரம். சாவியை முதல் நிலைக்குத் திருப்பியதும் உயிர் வந்தது ஏசிசி, அதாவது செட்டின் சிவப்பு வயருக்குப் போக வேண்டியது. பார்க்கிங் விளக்கைப் போட்டதும் வந்தது டேஷ் வெளிச்சத்துக்கானது. முதல் இரண்டுக்கும் உரிய ஃபியூஸ்களைப் பிடுங்கிப் பார்த்து, இரண்டும் ஃபியூஸ் பெட்டி வழியாகத்தான் வருகின்றன என்று உறுதி செய்துகொண்டேன். கம்பெனி போட்ட வயர் இத்தனை வருடம் கழித்தும் அப்படியே நன்றாக இருந்தது. அதை விட்டுவிட்டுத்தான் இக்னிஷன் வயரைச் சுரண்டியிருக்கிறார்கள்.

செட்டின் பக்கம் நிறங்கள் குழப்பமில்லை. மஞ்சள், சிவப்பு, கறுப்பு எர்த். ஸ்பீக்கருக்கு வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதே நிறத்தில் கறுப்புக் கோடு இருந்தால் அது நெகட்டிவ். ஆரஞ்சு, பார்க்கிங் விளக்கைப் போட்டால் திரையின் வெளிச்சத்தைக் குறைப்பதற்கு. நீலம், மோட்டாரில் ஏறி இறங்கும் ஏரியலுக்கு 12 வோல்ட் அனுப்புவது. எங்களுக்கு அது தேவையில்லை. தேவையில்லாத வயரை அப்படியே தொங்கவிடக் கூடாது. அதன் முனை பாடியில் பட்டால் செட்டுக்குள் இருக்கும் பாகம் போய்விடும். முனையை மடித்துத் தனியாக மூடிவிட்டேன்.

வண்டிப் பக்கத்துக்கு ஐ.எஸ்.ஓ. கப்ளர் (கார் ரேடியோக்களுக்கான பொது அளவு பிளக்) ஜோடி ஒன்றை, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடை ஒன்றிலிருந்து தம்பியை வாங்கிவரச் சொல்லியிருந்தேன். மின்சாரக் கப்ளரில் 4-ஆம் குழி நிரந்தரம், 7 ஏசிசி, 8 எர்த், 6 வெளிச்சம். (பழைய ஃபோக்ஸ்வேகன் வண்டிகளில் 4-ம் 7-ம் இடம் மாறியிருக்கும், அங்கே பார்த்து மாட்டுங்கள்.) நாளைக்கு யாராவது வேறு செட் மாட்டினால் எதையும் வெட்டாமல் கழற்றி மாட்டிக்கொள்ளலாம்.

இணைப்புகளுக்கு நான் ஈயம் வைக்கவில்லை, க்ரிம்ப் செய்தேன், அதாவது வயர் முனைகளைச் சின்ன உலோகக் குழலுக்குள் வைத்துக் குறடால் நசுக்கி இறுக்கினேன். ஈயம் வைத்த வயர் அந்த இடத்தில் கம்பி மாதிரி விறைத்துவிடும். ஓடுகிற வண்டியின் அதிர்வில் விறைப்பு முடியும் இடத்தில்தான் இழைகள் ஒவ்வொன்றாக அறும். வீட்டுக்குள் வைக்கிற பொருளுக்கு ஈயம் நல்லது. வண்டிக்கு நல்ல க்ரிம்ப் குறடும் செப்பு ஸ்லீவும் போதும். ஒவ்வொன்றையும் க்ரிம்ப் செய்தபின் பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும். கழன்று வந்தால் இப்போதே வந்துவிடட்டும். மேலே ஹீட் ஷ்ரிங்க், அதற்கும் மேலே துணி டேப். மின்சாரத்துக்கும் எர்த்துக்கும் 1.5 ஸ்கொயர் எம்.எம்., ஸ்பீக்கருக்கு 0.75. முதலில் வாங்கிய ஸ்பீக்கர் வயரைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தபோது செம்பு நிறத்துக்குக் கீழே வெள்ளையாக இருந்தது. செம்பு முலாம் பூசிய அலுமினியம். திருப்பிக் கொடுத்துவிட்டு நல்ல செம்பு வயர் வாங்கினேன்.

ஸ்பீக்கர் பக்கம் இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது. முன்னால் டேஷ்போர்டின் இரண்டு மூலையிலும் 4 அங்குலம், பின்னால் தட்டில் 6×9 ஓவல் இரண்டு. பின் இடது ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வயர்தான் வந்திருந்தது. அதன் நெகட்டிவைப் பக்கத்தில் பாடித் தகட்டில் ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தார்கள். மிகப் பழைய செட்டுகளில் இது செல்லும். இப்போதைய செட்டில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலுமே ஆறு ஏழு வோல்ட் நின்றுகொண்டிருக்கும். ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும், இடையில் உள்ள வித்தியாசத்தில்தான் கூம்பு அசைகிறது. 12 வோல்ட்டை வைத்துக்கொண்டு அதிக சத்தம் எடுப்பதற்கான வழி அது. நெகட்டிவ் என்று பெயரே தவிர, அது எர்த் கிடையாது. பாடியில் இறக்கினால் பாதுகாப்பு உள்ள செட் ஊமையாகிவிடும், பாதுகாப்பு இல்லாத செட்டில் ஆம்ப்ளிஃபையர் சில்லு (ஐ.சி.) வெந்துவிடும். பழைய செட்டில் சத்தம் வைத்தால் பட்டென்று அணைந்து மறுபடி வருவதை அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். காரணம் இதுதான். பின்னாலிருந்து நான்கு வயரும் தனித்தனியாக, கதவு ஓரத்துப் பிளாஸ்டிக் பட்டைக்குக் கீழே புதிதாக இழுத்தேன். அரை நாள் வேலை, ஆனால் தவிர்க்க முடியாதது.

பாசிட்டிவ் நெகட்டிவ் சரிதானா என்று பார்க்க ஒரு சாதாரண பென்சில் செல் போதும். செட்டிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, செல்லின் இரண்டு முனையையும் ஸ்பீக்கர் வயரில் ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும். 'டப்' என்று கூம்பு வெளியே துள்ளினால் செல்லின் பாசிட்டிவ் பட்ட வயர்தான் ஸ்பீக்கரின் பாசிட்டிவ். உள்ளே போனால் தலைகீழ். முன் வலது தலைகீழாக இருந்தது. ஒன்று மட்டும் இப்படி மாறினால் அடிச்சத்தம் காணாமல் போகும், பாடுகிறவரின் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. இத்தனை நாளும் 'ஸ்பீக்கர் சரியில்லை' என்று நாங்கள் நினைத்ததில் பாதி இதுதான்.

புது ஸ்பீக்கர் வாங்கலாமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். செட்டின் மேல் 50×4 வாட்ஸ் என்று எழுதியிருக்கும். 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட பொருள் தொடர்ந்து 200 வாட்ஸ் கொடுக்க முடியாது. 14.4 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாக வருவது இருபது வாட்ஸ் அளவு. அப்பா கேட்கிற செய்திக்கும் பாட்டுக்கும் அதுவே தாராளம்.

எர்த் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரி. பழைய செட்டைக் கழற்றும் முன்பே ஒரு அளவு எடுத்திருந்தேன். பாட்டு சத்தமாக ஓடும்போது, மீட்டரின் ஒரு முனையை செட்டின் கறுப்பு வயரிலும் மறு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்துப் பார்த்தால், தபேலா விழும்போதெல்லாம் 0.3-லிருந்து 0.8 வோல்ட் வரை குதித்தது. நல்ல எர்த் என்றால் 0.1-க்குள் இருக்க வேண்டும். காரணம், பெயின்ட் பூசிய தகட்டில் பெயின்ட்டின் மேலேயே ஸ்க்ரூ இறுக்கியிருந்தார்கள். அப்படி இருந்தால் செட் தனக்கு வேண்டிய எர்த்தை ஏரியல் வயரின் வலைக்கவசம் வழியாகத் தேடிக்கொள்ளும். கோடை பண்பலை கரகரத்ததற்கு அது ஒரு காரணம். பாடியோடு வெல்ட் ஆகியிருக்கும் தகட்டில் ஒரு போல்ட்டைக் கழற்றி, சுற்றிலும் உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளி மாதிரி இரும்பு தெரிந்ததும் ரிங் லக் வைத்து, பல் வாஷர் போட்டு இறுக்கினேன். மேலே கொஞ்சம் வாசலின், துருப்பிடிக்காமல் இருக்க. புது செட் ஓடும்போது அளந்தால் 0.03 வோல்ட்.

செட்டை உட்காரவைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரும்புக் கூட்டைக் குழியில் நுழைத்து நாக்குகளை மடக்கினேன். 15 வருட வெயில் தின்ற பிளாஸ்டிக் என்பதால் அழுத்தாமல் மெதுவாக மடக்க வேண்டியிருந்தது. வயர்க் கொத்து முழுவதற்கும் துணி டேப் சுற்றியதால் ஆடும் சத்தம் இல்லை. முதுகில் ஒரு பட்டை போட்டுத் தாங்கல் கொடுத்தேன்.

சாவியைத் திருப்பியதும் கோடை பண்பலை கண்ணாடி மாதிரி வந்தது. மீடியம் வேவுக்கு மாற்றினால் இரைச்சல். 936 என்ற எண்ணே திரையில் வரவில்லை, 930-லிருந்து நேராக 940. அங்கே நின்றால் திருச்சியின் குரல் விசிலோடு தூரத்தில் கேட்டது.

அமெரிக்கச் செட் என்பதை அப்போதுதான் யோசித்தேன். அங்கே மீடியம் வேவ் நிலையங்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், நம் நாட்டில் 9. நம் நிலையங்களின் எண்ணையெல்லாம் 9-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியே வராது. 936 என்பது 104 ஒன்பது, 1269 என்பது 141 ஒன்பது. அங்கே எஃப்.எம்.மிலும் படி வேறு: 0.2 தாவும், ஒற்றைப்படை தசமம் மட்டும் வரும். கோடை 100.5 தற்செயலாக அதில் விழுந்ததால் எஃப்.எம். சரியாகவே இருந்தது. சென்னை ரெயின்போ 101.4 ஆக இருந்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். செட்டை அணைத்த நிலையில் பட்டனைத் தொடர்ந்து அழுத்தினால் ஆரம்ப அமைப்புகள் வந்தன. அதில் இடைவெளியை 9-க்கு மாற்றினேன். நல்லவேளையாக இந்த மாடலில் அந்த வசதி இருந்தது. வெளிநாட்டுச் செட் வாங்குகிறவர்கள் வாங்கும் முன்பே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

936 வந்தது. ஆனால் பலமாக இல்லை. திருச்சியின் அலைநீளம் சுமார் 320 மீட்டர், நம் ஏரியல் ஒரு மீட்டர்கூட இல்லை. அவ்வளவு குட்டி ஏரியல் பிடிக்கும் கொஞ்சத்தையும் துருவில் இழந்துவிடக் கூடாது. மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஏரியல் கம்பிக்கும் பிளக்கின் நடு ஊசிக்கும் இணைப்பு நன்றாக இருந்தது. பிளக்கின் வெளி வளையத்துக்கும் வண்டி பாடிக்கும் 60 ஓம், அது பூஜ்யத்துக்கு அருகில் இருக்க வேண்டும். ஏரியல் அடியைக் கழற்றியபோது கீழ் வளையம் முழுக்கச் செந்துருப் பொடி. தேய்த்து மாட்டியதும் 0.4 ஓம். திருச்சி வீட்டு ரேடியோ மாதிரி வந்தது.

அதற்கப்புறமும் ஒரு 'உய்ய்ய்' இருந்தது. சிகரெட் லைட்டரில் செருகியிருந்த மொபைல் சார்ஜரைப் பிடுங்கினேன், நின்றது. இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'டிக் டிக்' வேறு. பிளக் வயர்கள் வண்டியோடு வந்தவை, மாற்ற வேண்டிய வயதும் ஆகிவிட்டது. தடையுள்ள புது வயரும், உள்ளே தடை வைத்த ஸ்பார்க் பிளக்கும் போட்டபின் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

நிறுத்திய வண்டியில் மறுபடி மின்சாரத்தை அளந்தேன். 0.014 ஆம்பியர். எந்த வயர் எந்தக் குழி, எந்த ஃபியூஸ், எர்த் எங்கே என்று ஒரு தாளில் வரைந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு குளோவ் பாக்ஸுக்குள் ஒட்டியிருக்கிறேன்.

அப்பா மறுநாள் காலை வேடசந்தூர் வரை போய் வந்தார். பைபாஸில் உயரழுத்த மின்கம்பி குறுக்கே போகும் இடத்தில் மட்டும் 936 'கொர்' என்று உறுமுகிறதாம். அது வெளியே காற்றில் இருக்கும் இரைச்சல், வண்டிக்குள் செய்ய ஒன்றுமில்லை என்று சொன்னேன். "அது அரை நிமிஷம்தான் பாப்பா, அங்க நான் சத்தத்தைக் கொறைச்சுக்கறேன்" என்றார்.